விளக்கு வைக்கும் நேரத்துப் பாய்: வன்னியில் புதுக்குடித்தனம் தொடங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

கலியாணம் முடித்து நாலைந்து மாதமான சோடிகள் ஞாயிறு பூசை முடிந்து வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, வீட்டில் செபம் தொடங்கினோம். மூன்றாம் நாளே நின்று போச்சு. என்ன செய்யிறது?" மூன்று வருடம் கழித்து அதே ஆட்கள் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வருவார்கள். "இவனுக்கு வீட்டில் என்னத்தைப் படிப்பிக்கலாம் அக்கா?" இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. பொழுதுபட்டதும் ஒரு பாயை விரித்து எல்லோரும் அதில் இருங்கள். செபத்துக்கு ஒரு நேரம், படிப்புக்கு ஒரு நேரம், புருசன் பெண்சாதி கதைக்க ஒரு நேரம் என்று பிரித்து வைத்தால் எங்களுடைய வேலை வெட்டிக்குள் மூன்றும் தவறிவிடும். ஒரே பாயில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தால் பெரும்பாலான நாட்களில் மூன்றும் நடந்துவிடும்.

நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். இவர் கத்தோலிக்கர். கிளிநொச்சிக்குக் கிழக்கே இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, மூன்று பிள்ளைகள், ஞாயிறில் மறைக்கல்வி வகுப்பு. கீழே எழுதியிருப்பதில் பாதி நாங்கள் பிழை விட்டுப் பழகியது.

கலியாணத்துக்கு முன்பு

எங்கள் வயதுக்காரருக்கு முதல் தடங்கல் ஞானஸ்நானச் சான்றிதழ். போர்க்கால இடம்பெயர்வில் பெட்டியோடு அதையும் தொலைத்தவர்கள் பலர். ஞானஸ்நானம் பெற்ற பங்கு நினைவிருந்தால் முதலில் அங்கே பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேடே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். மற்றவருக்குப் பாதகம் வராத விடயத்தில், நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். ஞானத்தாய், ஞானத்தகப்பன், பெரியம்மா என்று அன்று கூட நின்ற யாரையாவது கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள். கலியாணத் திகதிக்கு நாலு மாதம் முன்பே போங்கள், மண்டபம் பிடித்த பிறகு போகாதீர்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியாவும் மன்னாரும் 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டம். வவுனியா மாப்பிள்ளைக்கும் புதுக்குடியிருப்புப் பொம்பிளைக்கும் கடிதங்கள் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கும்.

கலப்புத் திருமணம் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. மற்றவர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் விதிவிலக்கு வாங்க வேண்டும். இரண்டிலும் கத்தோலிக்கராக இருப்பவர், பிள்ளைகளைத் தன் விசுவாசத்தில் வளர்க்க இயன்றதெல்லாம் செய்வதாக வாக்குக் கொடுக்கிறார். அப்படி வாக்குக் கொடுத்திருப்பது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பலர் கையெழுத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் இரண்டு சம்பந்திமாரும் அதை ஞாபகப்படுத்துவார்கள். ஆகவே கலியாணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் தனியாக இருந்து இதைக் கதைத்து முடியுங்கள்.

எங்கள் வீட்டில் கர்த்தர் கற்பித்த செபமே இரண்டு விதம். எனக்கு வாயில் வருவது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". இவருக்கு "விண்ணுலகில் இருக்கின்ற எங்கள் தந்தையே". மூத்தவள் நாலு வயதில் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள். அதன் பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தோம்: பிள்ளைகள் எந்தக் கோயிலுக்குப் போகிறார்களோ அந்தக் கோயிலின் வாசகம் பாயில். என்னுடைய வாசகத்தை அவர்கள் அம்மம்மா வீட்டுக்குப் போகும்போது அம்மம்மாவிடம் படிக்கட்டும். வேதாகமத்திலும் இதே கதை வரும். பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தர்" என்று இருப்பது 1995 இன் பொது மொழிபெயர்ப்பில் "ஆண்டவர்". பிள்ளை எழுத்துக் கூட்டும் வயதில் ஒன்றை மட்டும் கையில் கொடுங்கள்.

நேரம் குறிப்பது

"இரவு ஏழு மணி" என்று எழுதி ஒட்டாதீர்கள். காலபோக விதைப்பு நடக்கும் புரட்டாசி ஐப்பசியிலும், அறுவடை வரும் தை மாசியிலும் எந்த விவசாயி ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறார்? யானைக் காவலுக்குப் போகும் இரவுகள் வேறு. கார்மென்ற்ஸ் வேலைக்குப் போகும் தாய் பஸ்ஸால் இறங்கி வரவே இருட்டிவிடும். மாலையில் வலையோடு கடலுக்குப் போகும் முல்லைத்தீவுக் குடும்பத்துக்குச் சாயந்தரமே சரிவராது. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரிக்கட்டும், ஒரு குற்றமும் இல்லை.

நேரத்தை மணிக்கூட்டில் கட்டாமல், எப்படியும் தினமும் நடக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் கடைசி ஆள் கிணற்றடியில் கால் கழுவி உள்ளே வந்ததும் பாய். அது ஆறரைக்கும் இருக்கும், எட்டுக்கும் இருக்கும். பிள்ளைகளுக்குக் கிணற்றுவாளிச் சத்தம் கேட்டாலே தெரியும்.

போன்களுக்கு ஒரு வெறும் பால்மாப் பேணி. உள்ளே போட்டு மூடி அலுமாரிக்கு மேல் வையுங்கள். தகப்பனின் போன் முதலில் விழ வேண்டும். மற்றவை தானாக விழும்.

முதல் மாதம் பத்து நிமிடம்

புதுச்சோடிகள் விடுகிற பெரிய பிழை, முதல் நாளே முழுச் செபமாலையோடு தொடங்குவது. ஐம்பது மணியையும் நிதானமாகச் சொல்ல இருபது நிமிடமாகும். அதற்கு மேல் மன்றாட்டு மாலை, பாட்டு. நாள் முழுக்க வெயிலில் நின்றவர் இரண்டாம் பத்துக்குள் சாமியாடுவார். மூன்றாம் நாள் நின்று போவது அதனால்தான்.

முதல் மாதம் இவ்வளவு போதும். சிலுவை அடையாளம். சங்கீதத்தில் ஐந்தாறு வசனம், ஒருவர் சத்தமாக. ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது. அன்றைய நாளில் நன்றி சொல்ல ஒரு விடயம், ஆளுக்கு ஒன்று, சின்னதாக: "மோட்டர் இன்றைக்கு இரண்டாம் இழுவைக்கே வேலை செய்தது" என்பது போல. பிறகு கர்த்தர் கற்பித்த செபம். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், "இன்னும் கொஞ்சம்" என்று இழுக்காதீர்கள். இரண்டாம் மாதம் செபமாலையில் ஒரு பத்துச் சேர்த்துக்கொள்ளலாம், அது நாலு நிமிடம். முழு மாலையை மேயிலும் ஒக்ரோபரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

செபமாலை மறையுண்மைகளின் நாட்கள் தெரியாதவர்களுக்கு: திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. கடைசியாகச் சொன்னது 2002 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சேர்த்தது. அப்பம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் வியாழனும் மகிழ்ச்சி என்றே இருக்கும். அவர் அப்படியே சொல்லட்டும், அதற்காகப் பாயில் வழக்கு வேண்டாம்.

சண்டை பிடித்த நாளில் என்ன செய்வது? பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். எங்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் சண்டையே தொடங்கும். அன்றைக்கு சங்கீதமும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். பாயில் இருந்து கர்த்தர் கற்பித்த செபத்தை மட்டும் சொல்லுங்கள். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற இடத்தில் ஒருவருடைய குரல் கட்டாயம் குறையும். யாருடையது குறைந்தது என்று பார்க்காமல் இருப்பது பெரிய உதவி.

பிள்ளை பாய்க்கு வரும்போது

மூன்று வயதுக்கு முன்பு ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். மடியில் தூங்கினால் தூங்கட்டும். செபத்தில் அசைந்ததற்காகப் பிள்ளைக்கு அடிப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை செபத்தையும் அடியையும் சேர்த்துத்தான் படிக்கும்.

வேலை கொடுங்கள். மெழுகுதிரியை ஊதி அணைப்பது ஒரு பிள்ளைக்கு, வேதாகமத்தைக் கொண்டு வருவது இன்னொன்றுக்கு. நாலு வயதில் 23ஆம் சங்கீதம் தொடங்கலாம். ஆறே வசனம். கிழமைக்கு ஒரு வசனம் என்றால் ஒன்றரை மாதம். "ஆண்டவரே என் ஆயர்" என்பதை விளக்க எங்களுக்குப் படம் தேவையில்லை, பின்னேரம் றோட்டை மறித்துக்கொண்டு வரும் மாட்டுப் பட்டியைக் காட்டினால் போதும். அமைதியான நீர்நிலைக்குக் கூட்டிப்போவார் என்று நான் சொன்னபோது நடுப்பிள்ளை கேட்டான்: "இரணைமடுவுக்கா? அங்கே முதலை இருக்கே." முதலை இருக்கிற குளத்துக்கு ஏன் ஆயர் கூட வர வேண்டும் என்று அன்றைக்கு அரை மணித்தியாலம் கதைத்தோம். செபம் நடக்கவில்லை. பரவாயில்லை.

வேதாகமக் கதைகளை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். முதலில் ரூத்து. பஞ்சத்துக்கு ஊரை விட்டுப் போன குடும்பம், போன இடத்தில் ஆண்களெல்லாம் செத்துப் போகிறார்கள், மாமியும் மருமகளும் மட்டும் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள், வயலில் அறுத்தவர்கள் விட்டுப்போன கதிரைப் பொறுக்கி உலை வைக்கிறார்கள். வன்னிப் பிள்ளைக்கு இதில் எந்த வரிக்கும் விளக்கம் தேவைப்படாது. நோவாவின் பேழையும் மிருகங்களும் எங்கே போய்விடப் போகின்றன, ஆறுதலாக வரட்டும்.

வீட்டுப் பாடம்

கனடாவில் இருக்கும் மச்சாள்மார் போனில் சொல்வார்கள், அங்கே சில கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் முழுக்க வீட்டிலேயே படிப்பிக்கிறார்கள் என்று. அதைக் கேட்டு இங்கே ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையில் 5 வயதிலிருந்து கல்வி கட்டாயம். முன்பு 14 வயது வரை என்று இருந்ததை 2016 இல் 16 ஆக உயர்த்தினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு மறிப்பது கிராம அலுவலரும் அதிபரும் வாசலுக்கு வரும் விடயம். சட்டம் ஒருபுறம் இருக்க, எங்கள் ஊர்களில் பள்ளிக்கூடம்தான் சைவப் பிள்ளையும் வேதப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் இடம். அதை என் பிள்ளைகளுக்கு இல்லாமல் செய்ய எனக்கு மனம் வராது. வீட்டுப் பாடம் என்றால் இங்கே பள்ளிக்கூடத்துக்கு மேலதிகமாக, செபம் முடிந்த அதே பாயில், இருபது நிமிடம்.

அது எவ்வளவு பெறுமதியானது என்பதை 2020, 2021 கொரோனாக் காலத்தில் கண்டோம். பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் பூட்டு. சிக்னல் தேடிப் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். ஏற்கெனவே பாயில் இருந்து பழகிய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் எழுத்து மறக்கவில்லை.

எப்படிச் செய்வது? அன்று வாசித்த சங்கீத வசனத்தில் ஒன்றைச் சொல்வதெழுதலாகக் கொடுங்கள். தமிழும் ஆயிற்று, மனப்பாடமும் ஆயிற்று. ல, ள, ழ பிழைகள் எல்லாம் அங்கே வெளியே வரும். கணக்குக்குக் கடைச் சிட்டை: அரிசி, சீனி, மண்ணெண்ணெய் விலையைக் கூட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் தாய் வாசிக்காமல் பிள்ளை வாசிக்க, தகப்பன் கேட்கட்டும். தான் ஆறாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவன், தனக்கு என்ன தெரியும் என்று பின்வாங்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள். பாயில் ஆசிரியர் வேலை அவருக்கு இல்லையே. பக்கத்தில் இருந்து கேட்டால் போதும். நாற்று எண்ணுவதும் வரம்பு அளப்பதும் அவருக்குத்தான் தெரியும், அதை ஒரு நாள் அவர் சொல்லிக் கொடுக்கட்டும்.

சமய பாடத்தைக் கவனியுங்கள். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு தனிப் பாடங்கள், புத்தகங்களும் வேறு. வருடத் தொடக்கத்தில் பிள்ளைக்கு எது வந்திருக்கிறது என்று திறந்து பாருங்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க ஆள் இல்லாமல் பிள்ளை அந்த நேரத்தில் வேறு வகுப்பில் சும்மா இருக்கும். அப்படியானால் கிழமையில் ஒரு நாள் பாயில் அந்தப் புத்தகம். தானாக வந்துவிடும் என்று விட்ட பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் தங்கள் சமயத்திலேயே குறைந்த புள்ளி எடுத்து வந்து நின்றதை மறைக்கல்வி வகுப்பில் கண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை ரியூசன் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வந்தவுடன் மறைக்கல்விக்கு வராமல் போகும் பிள்ளை ஆறாம் வகுப்பில் திரும்பி வருவதில்லை. ஆசிரியரிடம் நேரே போய் நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

பெயர் சொல்லும் நேரம்

செபத்தின் முடிவில் பெயர்கள் வரும். நோயாளிகள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தவர்கள். வேறு ஊர்களில் இது இலகு. எங்கள் வீடுகளில் உயிரோடிருப்போர், இறந்தோர் என்ற இரண்டு பட்டியலிலும் சேராத ஒருவர் இருப்பார்: போரில் காணாமல் போனவர்.

புதிதாக வந்த மருமகள் தெரியாமல், காணாமல் போன மச்சானின் பெயரை "ஆன்மா இளைப்பாற" என்ற இடத்தில் சொல்லிவிட்டாள். மாமி பாயை விட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு மூன்று மாதம் அந்த வீட்டில் சேர்ந்து செபிக்கவில்லை. இன்னொரு வீட்டில் நேர்மாறு: தாய் மகனுக்கு இரங்கல் பூசை ஒப்புக்கொடுக்க ஆசைப்பட்டார், தகப்பன் விடவில்லை. யார் பக்கம் நியாயம் என்று வெளியே இருந்து சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் பிள்ளைகளைத் தேடித் தெருவில் இருந்த தாய்மார் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

ஆகவே புதுச்சோடிக்கு: முதல் நாள் பாயை விரிக்கும் முன்பே வீட்டு மூத்தவரிடம் மெதுவாகக் கேளுங்கள். "மாமி, அண்ணாவின் பெயரை எந்த இடத்தில் சொல்லுவோம்?" எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு இடம் வைத்தோம். உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் நடுவில், "நாங்கள் தேடுகிறவர்களுக்காக". பெயரைச் சொல்லி, "அவர் எங்கே என்று உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதில்லை. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 இல் சேமக்காலைக்கு, கல்லறைகளில் திரி கொளுத்தப் போகும்போதும் அவருக்குத் திரி வைப்பதா வேண்டாமா என்பதை மூத்தவர் முடிவு செய்யட்டும்.

பிள்ளை கேட்கும், "பெரியப்பா எங்கே?" என்று. "தெரியவில்லை. தேடுகிறோம்." ஐந்து வயதுக்கு அது போதும், அது உண்மையும்கூட. வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைக்காதீர்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை சொல்லிவிடும். மே 18 இல் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி குடிக்கும்போது மற்றக் கேள்விகள் வரும். கஞ்சியில் ஏன் அரிசியும் உப்பும் மட்டும் என்பதிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு

அதே பாயில் இன்னும் பத்து நிமிடம் இருவர் மட்டும். கிழமையில் ஒரு நாள் அது கணக்குக் கொப்பிக்கு. கிழமை லோன் எவ்வளவு, எந்த நகை அடைவில், யாருக்குக் கைமாற்று. மனைவி குழுவில் எடுத்த லோன் புருசனுக்குத் தெரியாது, புருசன் கடையில் வைத்த கடன் மனைவிக்குத் தெரியாது என்பது எங்கள் பக்கத்தில் குடும்பங்கள் உடைகிற வழி. கொப்பியில் எழுதினால் குறைந்தபட்சம் இருவரும் ஒரே தொகைக்குப் பயப்படலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். கசிப்புக் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் "பொறுத்துக்கொள், செபி" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கோயிலுக்குள்ளும் இருக்கிறார்கள். அந்த ஆலோசனையை எடுக்காதீர்கள். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929. பிரதேச செயலகத்தில் பெண்கள் விடயத்துக்கான உத்தியோகத்தர் இருப்பார். செபம் அதற்குப் பிறகும் செய்யலாம், பாதுகாப்பான இடத்தில் இருந்து.

அம்மம்மாவின் கோயில்

பாதிக் குடும்பம் சைவமாக இருப்பது இங்கே புதினம் இல்லை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அம்மம்மா பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகக் கேட்பார். ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு அதே அம்மம்மா முதல் ஆளாக வாகனத்தில் ஏறுவார். 2015 சனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அங்கே நின்றவர்களில் எத்தனையோ சைவக் குடும்பங்கள். பிள்ளைக்கு "நாங்கள் இப்படிச் செபிப்போம், அம்மம்மா அப்படிக் கும்பிடுவா" என்று சொன்னால் விளங்கிவிடும். அம்மம்மாவைக் குறைத்துச் சொன்னால் பிள்ளை அம்மம்மா பக்கம்தான் நிற்கும், அதில் பிழையும் இல்லை.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். அறுவடை வரும், காய்ச்சல் வரும், வெள்ளம் வரும். விட்ட நாட்களை எண்ணாதீர்கள், திங்கட்கிழமையில் தொடங்குவோம், விபூதிப் புதனில் தொடங்குவோம் என்று நாள் பார்க்காதீர்கள். பாயை உள்ளறையில் வைக்காமல் விறாந்தை மூலையில் சுருட்டி நிறுத்துங்கள், விரிக்கும் வேலையைக் கடைசிப் பிள்ளைக்குக் கொடுங்கள். எங்களுடையவன் நாங்கள் மறந்த நாட்களிலும் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடுவான், பெரும்பாலும் சோறு போட்டுக் கையை வைக்கும் நேரம் பார்த்து.